ஹார்வி குஷிங்: மண்டையோட்டைத் திறந்தவர், கணக்கை மூடாதவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குஷிங் சிண்ட்ரோம்" என்று மருத்துவச் சீட்டில் பார்த்துவிட்டு, "யார் இந்த குஷிங்?" என்று தேடி வருகிறவர்கள் நிறைய. பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர் மூன்று நான்கு இடங்களில் வருகிறதே, எல்லாம் ஒரே ஆள்தானா என்று கேட்கும் மருத்துவ மாணவர்களும் உண்டு. ஒரே ஆள்தான். வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாக, யார் இவர்?

ஹார்வி வில்லியம்ஸ் குஷிங். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரில் 1869 ஏப்ரல் 8 அன்று பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மருத்துவர், தாத்தா மருத்துவர், கொள்ளுத்தாத்தாவும் மருத்துவர். யேலில் பட்டம், ஹார்வர்டில் மருத்துவம் (1895), பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பதினாறு வருடம், பிறகு பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை சர்ஜனாக இருபது வருடம் (1912–1932). மூளை அறுவை சிகிச்சை தனித் துறையாக நின்றதற்குக் காரணமானவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவருடையது.

மூளையில் முதன்முதலில் ஆபரேஷன் செய்தவர் இவர்தானா?

இல்லை. பலரும் தப்பாக நினைப்பது இதைத்தான். கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் 1879-லேயே மண்டைக்குள் இருந்த கட்டியை எடுத்திருக்கிறார். லண்டனில் ரிக்மன் காட்லி 1884-ல் எடுத்தார். விக்டர் ஹார்ஸ்லி 1887-ல் தண்டுவடக் கட்டியை அகற்றினார். அப்போது குஷிங் பள்ளிக்கூடப் பையன்.

அவர்கள் துணிந்தார்கள், சிலரைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஆனால் நோயாளி மேஜையில் படுத்தால் எழுந்து வருவார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலைமை. அந்த நிலைமையை மாற்றியதுதான் குஷிங் செய்தது. எப்படி மாற்றினார் என்று கேட்டால், என் பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: மெதுவாக வேலை செய்தார், எல்லாவற்றையும் எழுதி வைத்தார். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

மாணவராக இருந்தபோது ஒரு நோயாளி இவர் கையில் இறந்தாராமே?

ஆமாம். மயக்க மருந்து கொடுக்க அந்தக் காலத்தில் தனி மருத்துவர் கிடையாது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவனைக் கூப்பிட்டு, "போய் ஈதர் கொடு" என்பார்கள். அப்படித்தான் குஷிங்கையும் கூப்பிட்டார்கள். குடலிறக்கம் இறுகிப்போன நோயாளி. இவர் ஒரு பணியாளரின் உதவியோடு ஈதரைக் கொடுத்து, ஆளை அவசரமாக மேஜைக்குக் கொண்டுவந்தார். ஆபரேஷன் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தொண்டையிலிருந்து திரவம் பீறிட்டு வந்தது, ஆள் போய்விட்டார்.

குஷிங் நழுவி வெளியே வந்து தெருத் தெருவாக அலைந்தார். மருத்துவப் படிப்பு இன்றோடு முடிந்தது என்று நினைத்தார். சாயங்காலம் சர்ஜனின் வீட்டுக்குப் போய், செத்தவரின் குடும்பத்துக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சர்ஜனோ, இதெல்லாம் அடிக்கடி நடப்பதுதான், அந்த ஆள் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த "அடிக்கடி நடப்பதுதான்" என்ற சமாதானத்தை இவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கூடப் படித்த எர்னஸ்ட் ஏமரி காட்மனும் இவரும் ஒரு பந்தயம் கட்டினார்கள்: யார் நன்றாக மயக்க மருந்து கொடுக்கிறார்களோ, அவருக்கு மற்றவர் விருந்து வைக்க வேண்டும். பந்தயத்துக்காக ஆளுக்கு ஒரு தாளில் நாடித்துடிப்பு, மூச்சு, கொடுத்த ஈதரின் அளவு எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்தார்கள். 1894–95 காலத்தில் இவர்கள் எழுதிய அந்த ஈதர் தாள்கள்தான் மயக்க மருந்துப் பதிவேட்டின் தொடக்கம். இன்று எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் மயக்க மருத்துவர் நிரப்பும் சார்ட் அதன் பேரப்பிள்ளை.

காட்மன் பின்னால் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நோயாளியும் வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருக்கிறார் என்று மருத்துவமனை தொடர்ந்து விசாரித்து, முடிவுகளைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று வாதாடி, பாஸ்டன் மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்தார்.

இவருடைய குரு யார்?

பதிவேட்டில் பார்த்தால், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவை சிகிச்சைத் தலைவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட். ஆபரேஷனில் ரப்பர் கையுறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். கோகெய்னைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கப் போய் அதற்கு அடிமையானவரும் அவரே. அடிக்கடி மருத்துவமனைக்கு வரமாட்டார், வேலை குஷிங் தலையில் விழும். ஆனாலும் திசுவைக் கசக்காமல் தொடுவது, ரத்தக்கசிவை ஒவ்வொரு புள்ளியாக நிறுத்துவது, பட்டுநூலால் நுணுக்கமாகத் தைப்பது, எல்லாம் ஹால்ஸ்டெட் பள்ளிதான். 1897-ல் குஷிங்குக்கே குடல்வால் அழற்சி வந்தபோது வயிற்றைத் திறந்தவரும் அவர்தான்.

1900–01-ல் ஐரோப்பா போனபோது இரண்டு விதமான வேகங்களைப் பார்த்தார். லண்டனில் ஹார்ஸ்லி காலை உணவை முடித்துவிட்டு, ஒரு பணக்கார வீட்டுக்கு வண்டியில் போய், அங்கேயே மண்டையைத் திறந்து, ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார். குஷிங்குக்கு அது பிடிக்கவில்லை. பெர்ன் நகரில் தியோடர் கோகர் ஆமை மாதிரி நிதானமாக, ரத்தமே தெரியாமல் வேலை செய்தார். குஷிங் சேர்ந்தது கோகர் கட்சியில்.

பிரஷர் பார்க்கும் கருவியைக் கண்டுபிடித்தவர் இவரா?

கண்டுபிடித்தவர் இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி, 1896-ல். குஷிங் 1901-ல் பாவியா நகர மருத்துவமனையில், படுக்கை ஓரத்தில் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்தார். படம் வரைந்துகொண்டார், ஒரு மாதிரியையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். ஆபரேஷன் நடக்கும்போதே ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து சார்ட்டில் சேர்த்தார்.

பாஸ்டனில் என்ன வரவேற்பு தெரியுமா? ஹார்வர்டின் அறுவை சிகிச்சைத் துறை 1904-ல் பரிசீலித்துவிட்டு, பழகிய விரல் நாடி பிடித்துச் சொல்வதைவிட இந்தக் காற்றுக் கருவி பெரிதாக எதுவும் சொல்லவில்லை என்ற முடிவுக்கு வந்தது. இன்று தெரு முனை கிளினிக்கிலும் முதலில் கையில் கட்டுவது அதைத்தான்.

குஷிங் ரிஃப்ளெக்ஸ் என்றால் என்ன?

மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே ரத்தம் கட்டினாலோ கட்டி வளர்ந்தாலோ அழுத்தம் ஏறும். அது ஏறினால் மூளைக்கு ரத்தம் போவது தடைபடும். உடனே உடம்பு ரத்த அழுத்தத்தை ஏற்றி, தள்ளிக்கொண்டாவது ரத்தத்தை அனுப்பப் பார்க்கிறது. பிரஷர் ஏறும், நாடி மந்தமாகும், மூச்சு தாறுமாறாகும். கோகரின் ஊரான பெர்னில், விலங்குகளின் மண்டையோட்டில் கண்ணாடிச் சன்னல் வைத்து இவர் இதைக் கவனித்தார். தலையில் அடிபட்டு வந்தவரிடம் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓட ஆரம்பிப்பார்கள். நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

மரண விகிதத்தை எப்படிக் குறைத்தார்?

முதலில் எண்கள். 1915-ல் 130 மூளைக்கட்டி நோயாளிகளின் முடிவுகளை சர்ஜன்களின் மாநாட்டில் முன்வைத்தார்: ஆபரேஷன் மரணம் 8.4 சதவீதம். அதே காலத்தில் ஐரோப்பாவின் பெரிய பெயர்களிடம்கூட மூன்று பேரில் ஒருவருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள்.

ஆண்டிபயாடிக் கிடையாது. சிடி, எம்ஆர்ஐ கிடையாது. கட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்வை எந்தப் பக்கம் மங்குகிறது, எந்த விரல் மரத்துப்போகிறது என்று விசாரித்தே கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் பெரிய எதிரி ரத்தம். தலைத்தோலும் மண்டையோடும் மூளை உறையும் ரத்தத்தில் ஊறியவை, மூளையைக் கிள்ளிப் பிடித்துக் கட்டுப்போடவும் முடியாது.

தலையைச் சுற்றிக் காற்றுப் பட்டை கட்டி தலைத்தோல் ரத்தத்தை அடக்கினார். நூலால் கட்ட முடியாத குட்டி நாளங்களைப் பிடிக்க 1911-ல் வெள்ளி கிளிப்புகளை அறிமுகம் செய்தார். ஒரு ஆபரேஷன் ஐந்து ஆறு மணி நேரம் போகும். பல பேருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார். ரத்தம் அளவுக்கு மீறிப் போனால் பிடிவாதம் பிடிக்காமல் மூடிவிட்டு, சில நாள் கழித்துத் திரும்பத் திறப்பார். 1910-ல் அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி லெனர்ட் வுட்டுக்கு அப்படித்தான் இரண்டு கட்டமாகக் கட்டியை எடுத்தார். வுட் பதினேழு வருடம் சுறுசுறுப்பாக இருந்தார், பிலிப்பைன்ஸுக்கு கவர்னர் ஜெனரலாகவும் போனார். கட்டி திரும்ப வளர்ந்து, 1927-ல் குஷிங்கே மறுபடி செய்த ஆபரேஷனுக்குப் பிறகு சில மணி நேரத்தில் இறந்தார்.

அந்த மரணத்தை அவர் மறைக்கவில்லை. எந்த மரணத்தையும் மறைத்ததில்லை. அங்கேதான் லூயிஸ் ஐசன்ஹார்ட் வருகிறார். 1915-ல் குஷிங்கிடம் எழுத்துவேலைக்குச் சேர்ந்த பெண். பிறகு தானே மருத்துவம் படித்து, நரம்பு நோய்க்குறியியல் நிபுணராகத் திரும்பி வந்தார். அவரிடம் ஒரு சின்னக் கறுப்பு நோட்டு இருந்தது. ஒவ்வொரு கட்டிக்கும் என்ன வகை, என்ன ஆபரேஷன், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதில் வரி வரியாக ஏறும். வீட்டுக்குப் போன நோயாளிகளுக்கு வருடா வருடம் கடிதம் போட்டு விசாரிப்பார்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு குஷிங் உட்கார்ந்து, திறந்தபோது பார்த்ததைப் படமாக வரைந்து வைப்பார். படம் நன்றாகவே வரைவார். 1931 ஏப்ரலில் உறுதி செய்யப்பட்ட இரண்டாயிரமாவது மூளைக்கட்டியை எடுத்தார். அது இரண்டாயிரம் என்று எப்படித் தெரிந்தது? நோட்டு இருந்ததால்தான்.

ஆபரேஷன் தியேட்டரில் "காட்டரி" என்று ஒரு மின்கருவியைச் சொல்கிறார்களே, அதுவும் இவருடையதா?

செய்தவர் வில்லியம் போவி, ஹார்வர்டில் இருந்த இயற்பியல் ஆள். அதிக அதிர்வெண் மின்சாரத்தால் திசுவை வெட்டவும் ரத்தத்தை உறையவைக்கவும் முடியும் என்று காட்டியவர். குஷிங் அதை 1926 அக்டோபர் 1 அன்று முதன்முதலாகத் தன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். சில நாள் முன்பு ரத்தம் தாங்காமல் பாதியில் மூடிய ஒரு நோயாளி. இப்போது மின்வளையத்தால் கட்டியைத் துண்டு துண்டாகச் சீவி எடுத்தார். கருகிய வாசனை. ரத்தம் கொடுக்கக் காத்திருந்த மாணவர் மயங்கி இருக்கையிலிருந்து கீழே விழுந்தாராம். ஆனால் கட்டி வந்துவிட்டது, நோயாளி பிழைத்தார்.

அப்புறம் ஒரு வேலை செய்தார், எனக்கு மிகப் பிடித்தது. முன்பு கைவைக்க முடியாது என்று மூடி அனுப்பிய பழைய நோயாளிகளைத் திரும்ப வரச் சொன்னார். யார் யார் என்று நோட்டில் இருந்ததே.

மூக்கு வழியாக மூளைக்கட்டியை எடுப்பது இவர் தொடங்கியதா?

தொடங்கியவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர மருத்துவர் ஹெர்மன் ஷ்லாஃபர், 1907-ல். மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேல் உதட்டுக்கு உள்பக்கமாக வெட்டி, மூக்கின் நடுச்சுவர் ஓரமாகப் போகும் வழியைச் செம்மைப்படுத்தியவர் குஷிங். 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அப்படிச் செய்ததில் மரணம் 5.6 சதவீதம். பிறகு அவரே அந்த வழியை விட்டுவிட்டு மண்டையோடு வழியாகவே போனார். அவர் விட்டதும் ஏறக்குறைய எல்லோரும் விட்டார்கள். எடின்பரோவிலிருந்து வந்து அவரிடம் கற்ற நார்மன் டாட் மட்டும் விடவில்லை. டாட்டிடமிருந்து பாரிஸின் ஜெரார் கியோ கற்றார், கியோவிடமிருந்து மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி. இன்று பிட்யூட்டரி ஆபரேஷன்களில் பெரும்பாலானவை மூக்கு வழியாகத்தான்.

குஷிங் நோய், குஷிங் சிண்ட்ரோம்: இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. முகம் நிலா மாதிரி உருண்டுபோவது, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருப்பது, வயிற்றில் ஊதா வரிகள், தொட்டால் கன்றிப்போவது, பிரஷர், சர்க்கரை: கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் மிஞ்சினால் வரும் இந்தத் தொகுப்புக்கு சிண்ட்ரோம் என்று பெயர். காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதிகம் பார்ப்பது நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களிடம். பிட்யூட்டரியில் உள்ள சின்னக் கட்டியால் வந்தால் மட்டும் அது குஷிங் நோய்.

1912-ல் வெளிவந்த தன் பிட்யூட்டரி புத்தகத்தில் 23 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார், படத்தோடு. காரணம் பிடிபடவில்லை. இருபது வருடம் கழித்து, 1932-ல், அதே மாதிரி பன்னிரண்டு நோயாளிகளைச் சேர்த்துவைத்து, பிட்யூட்டரியின் ஒரு வகைச் சிறு கட்டியே காரணம் என்று எழுதினார். இந்த அறிகுறி இருக்கிறதே என்று பயந்து ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் என்ன செய்தார்?

1915-ல் பாரிஸ் அருகே நூயியில் அமெரிக்கத் தன்னார்வ மருத்துவமனையில் சில வாரம். ஒரு சிப்பாயின் மூளைக்குள் குண்டுச் சில்லு. பெரிய மின்காந்தத்தை வைத்துப் பல முறை முயன்றும் வரவில்லை. கடைசியில் ஆறு அங்குல இரும்பு ஆணி ஒன்றின் நுனியை மழுக்கி, காயத்தின் பாதை வழியாக இறக்கி, வெளியே இருந்த முனையில் காந்தத்தை வைத்தார். சில்லு ஆணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

1917-ல் பாஷண்டேல் சண்டையின்போது பெல்ஜியத்தில் முன்னணி முகாமில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் மூளைக் காயக்காரர்களின் மரண விகிதத்தை ஐம்பதுக்கு மேலிருந்து முப்பதுக்குக் கீழே கொண்டுவந்தார். செத்துப்போன திசுவையும் எலும்புச் சில்லையும் முழுதாக உறிஞ்சி எடுத்து, காயத்தை மூடிவிடுவது என்பதுதான் முறை.

அந்த ஆகஸ்ட் இறுதியில் ஒரு ராத்திரி செய்தி வந்தது: பக்கத்து முகாமில் ரெவெரே ஆஸ்லர் அடிபட்டுக் கிடக்கிறான். குஷிங் தெய்வமாக மதித்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் பிள்ளைகளில் குழந்தைப் பருவத்தைத் தாண்டி வளர்ந்த ஒரே மகன். குஷிங் மழையில் வண்டி பிடித்துப் போனார். மார்பிலும் வயிற்றிலும் காயம். அங்கிருந்த அமெரிக்க சர்ஜன்கள் ஆனமட்டும் பார்த்தார்கள். விடியும்போது பையன் இறந்துவிட்டான். சேற்று வயலில் புதைத்தபோது குஷிங் குழிக்குப் பக்கத்தில் நின்றார்.

நோபல் பரிசு வாங்கினாரா?

பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. ஆனால் புலிட்சர் பரிசு வாங்கினார். ஆஸ்லர் இறந்த பிறகு, அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் இரண்டு தடித்த தொகுதிகளாக ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1925-ல் வந்த அதற்கு 1926-ல் பரிசு.

நல்ல மனிதரா?

நோயாளியைக் கேட்டால் ஒரு பதில், உதவியாளரைக் கேட்டால் வேறு பதில். நோயாளியின் கட்டைத் தானே பிரித்துப் பார்ப்பார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். உதவியாளர்களையும் நர்சுகளையும் எல்லோர் முன்னாலும் கிழித்துவிடுவார், அழவைத்தும் இருக்கிறார். ஹாப்கின்ஸில் தன்னிடம் இருந்த வால்டர் டாண்டி பின்னால் பெரிய சர்ஜனாகி, காது நரம்புக் கட்டியை முழுதாக எடுக்கலாம் என்று 1922-ல் எழுதினார். கட்டியை உள்ளிருந்து குடைந்து எடுத்து, அதன் மேலுறையை மட்டும் விட்டுவைப்பதே பாதுகாப்பு என்பது குஷிங் கட்சி. முன்னோடிக்கு உரிய மரியாதையைத் தரவில்லை என்று குஷிங்கிடமிருந்து கோபமாகக் கடிதம் போனது. கடைசிவரை சமாதானம் இல்லை. குஷிங்கின் எச்சரிக்கைக்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. ஆனால் வழி காட்டியது டாண்டிதான் என்பதே என் எண்ணம்.

வீட்டில் பெரும்பாலும் இல்லாத அப்பா. ஐந்து பிள்ளைகளையும் மனைவி கேத்தரின்தான் வளர்த்தார். 1926 ஜூனில் யேலில் படித்த மூத்த மகன் கார் விபத்தில் இறந்த செய்தி வந்த காலையில், மனைவிக்குத் தகவல் சொல்லிவிட்டு, அன்றைக்கு வைத்திருந்த ஆபரேஷனைச் செய்து முடித்தார். இதைப் பாராட்டுவதா, பயப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜாடிகளில் மூளைகள் கிடந்ததாக ஒரு கதை உண்டே, உண்மையா?

உண்மை. நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிகள், இறந்தவர்களின் மூளைகள், ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடு நெகட்டிவ்கள், நோய்க்குறிப்புகள் எல்லாம் குஷிங்கோடு பாஸ்டனிலிருந்து யேலுக்கு வந்தன. 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தொகுப்பு. ஐசன்ஹார்ட் பல வருடம் பராமரித்தார். பிறகு மருத்துவ மாணவர் விடுதியின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்தது. மாணவர்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்கிப் பார்த்துவிட்டு, சுவரொட்டியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது ஒரு சடங்கே ஆகிவிட்டது. கடைசியில் ஜாடிகளைச் சுத்தம் செய்து, 2010-ல் யேல் மருத்துவ நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். புகைப்படங்களில் நோயாளிகள் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள், சிலர் தலைக்கட்டோடு. ஜாடியைவிட அந்த முகங்களைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, சீடர் வழியாக உண்டு. பிரிகாமில் குஷிங்கிடம் பயிற்சி பெற்ற வைல்டர் பென்ஃபீல்டு பின்னால் மான்ட்ரியாலில் நரம்பியல் நிறுவனம் தொடங்கினார். அங்கே கற்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மறு வருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவர் பயின்றது இங்கிலாந்தின் நியூகாசிலில்.

எப்படி இறந்தார்?

விடாமல் சிகரெட் பிடிப்பவர். கால் ரத்தக் குழாய்கள் அடைபட்டு, நடப்பதே கஷ்டமானது. 1932-ல் 63 வயதில் பிரிகாமிலிருந்து ஓய்வு, பிறகு யேலில் பேராசிரியர். பழைய மருத்துவ நூல்களைச் சேர்ப்பதில் பைத்தியம். பதினாறாம் நூற்றாண்டின் உடற்கூறியல் மேதை வெசாலியஸ் பற்றிய நூல்பட்டியல் வேலையில் இருந்தபோது மாரடைப்பு வந்து, 1939 அக்டோபர் 7 அன்று நியூ ஹேவனில் இறந்தார்.

பிரேதப் பரிசோதனை செய்தார்கள். மூளையின் மூன்றாம் அறையில் ஒரு சென்டிமீட்டர் அளவில் கூழ் நிரம்பிய சிறு கட்டி இருந்தது. உயிரோடு இருந்தவரை அது எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை.